ஸ்வரம் தெரியாதவர்களுக்கும் டிரம் கோர்: சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்க்க ஒரு வழிகாட்டி

“அண்ணி, அதெல்லாம் மியூசிக் படிச்சவங்க பார்க்கிறது. எனக்கு என்ன புரியும்?” டிரம் கோர் பற்றிப் பேச்செடுத்தபோது என் நாத்தனார் கேட்டது இது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் மற்ற அம்மாக்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: நன்றாகப் புரியும். ஆனால் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது என்று யாராவது முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வேலையை நான் செய்கிறேன்.

நான் இசை படித்தவள் இல்லை. துவாஸில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மகள் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு டிஸ்பிளே பேண்டை, அதாவது அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் பள்ளி இசைக்குழுவைத் தேர்ந்தெடுத்து, மெல்லஃபோன் என்ற பித்தளைக் குழலை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த உலகம் என் வீட்டுக்குள் வந்தது. பயிற்றுநர் காட்டும் அமெரிக்கக் குழுக்களின் காணொளிகளை அவள் கூடத்துத் தொலைக்காட்சியில் போடுவாள். சமையலுக்கு நடுவே நின்று பார்த்தவள், பிறகு உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஆகஸ்ட் மாதத்தில் நானே நினைவுவைத்துப் போடுகிறேன்.

முதலில், அது என்ன?

பித்தளைக் குழல்கள், தோல் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் வீசிப் பிடித்து ஆடும் ‘கலர் கார்டு’ பிரிவினர். இந்த மூன்று கூட்டமும் சேர்ந்து, ஏறக்குறைய 150 பேர், ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஓடிக்கொண்டே, ஆடிக்கொண்டே 10 நிமிடங்களை ஒட்டி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸஃபோன் கிடையாது. போர்முனையில் சைகை கொடுக்கப் பயன்பட்ட பியூகிள் குழலும் முரசும்தான் இதன் வேர். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து இந்தக் குழுக்களை வளர்த்தன. பிறகு குழுக்களே ஒன்றுகூடி டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக டிசிஐ. அதன் முதல் இறுதிப் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது; கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் குழு வென்றது. 2009 முதல் இறுதிப் போட்டிக்கு இண்டியானாபோலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் அரங்கம்தான் வீடு.

வரலாறு இவ்வளவு போதும். பார்ப்பதற்கு இதற்கு மேல் தேவையில்லை.

மதிப்பெண் தாளே நம் பக்கம்

புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மதிப்பெண் முறை. நடுவர்களைப் போலப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, மனதில் இருக்கும் தயக்கம் போவதற்காகச் சொல்கிறேன். மொத்தம் 100. அதில் இசைக்கு 30, காட்சிக்கு 30. மிச்சம் இருக்கும் 40, மொத்த நிகழ்ச்சியும் பார்ப்பவர் மனதில் உண்டாக்கும் விளைவுக்கு. அதாவது ஆகப் பெரிய பங்கு, ‘இது ஆளைத் தொடுகிறதா’ என்ற கேள்விக்குப் போகிறது. உங்களுக்கு உடம்பு சிலிர்த்ததா, கை தானாகத் தட்டியதா என்பது அந்த நாற்பதின் பகுதி. இசைப் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு கலையை நடத்துகிறவர்கள் இப்படி ஒரு தாள் போட்டிருக்க மாட்டார்கள்.

இசைக்கான 30-ஐயும் காட்சிக்கான 30-ஐயும் உள்ளே பிரிப்பார்கள்: பித்தளை, தாளம், இசையின் கட்டமைப்பு ஒரு பக்கம், நடையும் உடலசைவும், காட்சி அமைப்பு, கலர் கார்டு இன்னொரு பக்கம். இதுவரை யாரும் முழு 100 வாங்கியதில்லை. 2014-இல் புளூ டெவில்ஸ் வாங்கிய 99.65 தான் உச்சம். மேல்வரிசைக் குழுக்களுக்கு இடையில் வித்தியாசம் மயிரிழைதான். 2008 இறுதிப் போட்டியில் ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. நூறில் இரண்டரைப் பங்குப் புள்ளியில் பட்டம் கைமாறியது. அதனால் ‘எனக்குப் பிடித்தது இரண்டாவதாக வந்துவிட்டதே, நான் சரியாகப் பார்க்கவில்லையோ’ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது

பலர் அண்மை ஆண்டு வெற்றியாளரைத் தேடிப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் விழித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை. இன்றைய நிகழ்ச்சிகள் அடர்த்தியானவை. ஒரு மெட்டு முழுதாக வராது. எட்டு வரி போனதும் வேறொன்றுக்குத் தாவும். மேடைப் பொருள்கள் நகரும், ஒலிபெருக்கியில் யாரோ பேசுவார்கள், சிந்தசைசர் உறுமும். 2004-இல் ஒலிபெருக்கியையும் 2009-இல் மின்னணுக் கருவிகளையும் அனுமதித்த பிறகு இந்த அடர்த்தி கூடியது. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதனாலேயே விலகிப் போனார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். சில குழுக்களின் கருப்பொருளை விளக்கக் குறிப்பு படிக்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. கதை தெளிவாக இருப்பதில் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

நான் எல்லாருக்கும் முதலில் போடுவது மேலே சொன்ன ஃபேன்டம் ரெஜிமென்ட், 2008. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் ஊர்க் குழு. ரோமானியரை எதிர்த்து எழுந்த அடிமை ஸ்பார்ட்டகஸின் கதை. எதிரி யார், அடிமை யார், யாரை அடிக்கிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். டிரம் மேஜர், அதாவது குழுவை நடத்தும் மாணவரே, பாத்திரமாக மாறி மைதானத்தில் இறங்குவார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக “நான்தான் ஸ்பார்ட்டகஸ்” என்று கத்தும்போது அரங்கமே சேர்ந்து கத்தும். ஒலிப்பதிவில் அதைக் கேட்கலாம். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த என் மாமியார் இதை முழுக்கப் பார்த்தார், யாரும் விளக்கவில்லை.

இரண்டாவது, புளூகோட்ஸ், 2016. ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் ஊர். கதை இல்லை, விளையாட்டு இருக்கிறது. வளைந்த பெரிய சறுக்குமேடைகளை மைதானத்தில் வைத்து, வாசித்துக்கொண்டே சறுக்கி இறங்குவார்கள். தலையில் தொப்பி இல்லை, சீருடை படைவீரர் உடை போலவும் இல்லை. இளையர்களுக்கு இதைத்தான் முதலில் போட வேண்டும். அந்த ஆண்டுதான் அந்தக் குழு முதன்முறையாகப் பட்டம் வென்றது.

குழல் சத்தத்தில் மயங்குகிறவர் என்றால் கரோலினா கிரௌன், 2013. வரிசை வடிவங்கள் கண்ணுக்கு விருந்தாக வேண்டும் என்றால் காவலியர்ஸ், 2002. கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வரும்போது யாரும் மோதாமல் இருப்பதே அதிசயம். தாளம்தான் வேண்டும் என்றால் சாண்டா கிளாரா வேன்கார்ட், 2018. ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதீர்கள். ஒன்றைப் பலமுறை பார்ப்பது, பலவற்றை ஒருமுறை பார்ப்பதைவிடப் பயன் தரும்.

உயரமான இடத்திலிருந்து பாருங்கள்

காணொளி தேடும்போது, அரங்கத்தின் மேல் தட்டில் ஒரே இடத்தில் நின்று முழு மைதானத்தையும் காட்டும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். முகத்துக்கு அருகே போய், கைக்கு அருகே போய் மாறி மாறிக் காட்டும் பதிவும் கிடைக்கும். அது இரண்டாம் முறைக்கு. இந்தக் கலை மேலே உட்கார்ந்திருப்பவருக்காகவே வரையப்படுகிறது. குழல்களின் வாய் எல்லாம் நேராக முன்னோக்கி இருப்பதும் அதனால்தான், சத்தம் மேலே இருக்கும் இருக்கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மகளின் குழு திடலில் பழகும்போது நான் கீழே வேலியோரம் நின்று பார்த்தால் வியர்வையும் சப்பாத்துச் சத்தமும்தான் தெரியும். எதிர் வீவக புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் வட்டம் விரிந்து சாய்சதுரம் ஆவது தெரியும். உங்கள் வீட்டருகே டிஸ்பிளே பேண்ட் இருக்கும் பள்ளி ஒன்று இருந்தால் இதை இன்றே செய்து பார்க்கலாம், காசு செலவு இல்லை.

ஹெட்ஃபோன் போடுங்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் டிரம்மும் டியூபாவும் காணாமல் போய்விடும். மெல்லிய பகுதிக்குப் பின் திடீரென்று 70, 80 குழல்கள் ஒன்றாக வெடிக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்காகவும் ஹெட்ஃபோன் நல்லது.

முதல் முறை எதையும் ஆராயாதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை விடுங்கள், கண் எங்கே போகிறதோ போகட்டும். பிடித்த ஒரு நிமிடத்தை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் அடுத்தடுத்த முறைகளில் ஒவ்வொரு கூட்டமாகப் பின்தொடருங்கள்.

கலர் கார்டிலிருந்து தொடங்குவது எளிது. கொடி என்ன நிறத்துக்கு மாறுகிறது, துப்பாக்கி எப்போது மேலே போகிறது என்று பாருங்கள். இசையின் உச்சமும் வீச்சின் உச்சமும் ஒரே கணத்தில் வரும்படி வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வீசி, காற்றில் ஐந்தாறு சுற்றுச் சுற்ற விட்டு, ஒரே நேரத்தில் பிடிக்கும்போது ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் யாரோ ஒருவர் தாமதம். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

அப்புறம் பேஸ் டிரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். வயிற்றுக்கு முன்னால் பெரிய முரசைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் ஐந்து பேர் வரிசையாக வருவார்கள். ஐந்தும் வேறு வேறு அளவு, வேறு வேறு சுருதி. ஒரே தாளச் சொற்கட்டை ஐந்தாக வெட்டி ஆளுக்கு ஒன்று, இரண்டு அடியாகப் பகிர்ந்துகொள்வார்கள். வேகமான இடத்தில் ஒருவருடைய அடிக்கும் அடுத்தவருடைய அடிக்கும் நடுவே மூச்சுவிட நேரம் இருக்காது. என் தம்பி வார இறுதிகளில் உறுமி மேளக் குழுவில் தவில் வாசிக்கிறவன். தாள் பார்த்து வாசிக்கத் தெரியாது, காதால் கற்றவன். அவனுக்கு இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு “ஒரு ஆளு, நல்ல கை” என்றான். திறந்து பார்த்ததும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். உறுமியும் தவிலும் பம்பையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் திருவிழாவில் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. தாளத்தைப் பொறுத்தவரை தமிழர்களுக்கு ‘இசை தெரியாது’ என்று சொல்லிக்கொள்ளவே உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்னேர் என்ற சின்ன முரசை வாசிப்பவர்களைப் பார்க்கும்போது குச்சியின் உயரத்தைப் பாருங்கள். எல்லாருடைய குச்சியும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கோணத்தில் இறங்கும். டெனர் வாசிப்பவர் நான்கைந்து முரசுகளைச் சேர்த்து மாட்டியிருப்பார், கை குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும். மைதானத்தின் முன்கோட்டில் நகராமல் நிற்கும் கூட்டத்தைப் ‘பிட்’ என்பார்கள். மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி, சிந்தசைசர் எல்லாம் அங்கே.

தெரிந்தால் வியப்பு கூடும் ஒரு கணக்கு

கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இது எனக்குப் பிடித்துப்போனது. மைதானம் 100 கெஜ நீளம், 53 கெஜத்துக்குச் சற்றுக் கூடுதல் அகலம். அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்கு 49 மீட்டர். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் அளவில் ஓடுகிறது. பின்கோட்டில் நிற்கும் ஸ்னேர்க்காரரின் அடி முன்கோட்டுக்கு வந்துசேர வினாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். சின்னது போலத்தான் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் நீளமே வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் பின்னால் இருப்பவரின் அடி கிட்டத்தட்ட அரைத் தட்டுப் பிந்தித்தான் முன்னால் கேட்கும். எல்லாரும் டிரம் மேஜரின் கையை மட்டும் பார்த்து வாசித்தால் பார்வையாளர் காதில் எல்லாம் குழம்பிவிடும்.

அதற்கு என்ன செய்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். பின்னால் இருப்பவர்கள் கையைப் பார்ப்பார்கள். முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் முரசொலியைக் காதால் வாங்கி அதோடு சேர்ந்துகொள்வார்கள் என்றாள். பிட்டில் நிற்பவர்கள் பல இடங்களில் நடத்துநரைப் பார்ப்பதே இல்லை, முதுகுப் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தைத்தான் நம்புகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பழைய காணொளியைத் திரும்பப் போட்டால் பிட் வாசிப்பவர்களின் தலை இலேசாகச் சாய்ந்திருப்பதுகூட வேறு மாதிரி தெரியும்.

நடைக்கும் ஓர் அளவு உண்டு. ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி என்பது அடிப்படை. ஒரு காலடி 22.5 அங்குலம், சுமார் 57 சென்டிமீட்டர். பின்னோக்கி நடந்தாலும் அதே அளவு. மைதானத்தில் கோடு ஐந்து கெஜத்துக்கு ஒன்று போட்டிருப்பதால், எட்டாவது காலடியில் பாதம் கோட்டில் விழுகிறதா என்று நாமே சரிபார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தன் இடப்புள்ளிகள் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு அப்படிப் பல டஜன் புள்ளிகளை மனப்பாடம் செய்கிறார்கள்.

இறுதிப் போட்டியை நேரலையில் பார்க்க

பருவம் ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் முடியும். இறுதி வாரத்தில் வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதி, சனி இரவு இறுதி; சனிக்கிழமை வரை வருவது முதல் 12 குழுக்கள் மட்டும். கோடையில் இண்டியானாபோலிஸுக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அதனால் கணக்குப் போடவே வேண்டாம்: அங்கே சனி இரவு 8 மணி என்றால் இங்கே ஞாயிறு காலை 8 மணி. பசியாறிக்கொண்டே பார்க்கலாம், முடிவு அறிவிக்கும்போது மதியச் சமையலுக்கு நேரம் இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் வசதி. பருவம் முழுவதற்கும் நேரலைக்குக் கட்டணம் உண்டு. எடுத்த எடுப்பில் அதில் பணம் போடாதீர்கள். டிசிஐ-யின் யூடியூப் பக்கத்தில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. பிடித்துப்போனால் இறுதி வார மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள்: போட்டிக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் தாளக்குழுக்கள் கைசூடேற்றும் காணொளிகள். ரசிகர்கள் ஓரடி தூரத்தில் சுற்றி நின்று எடுத்தவை. மைதானத்தில் தெரியாத முகபாவம் இதில் தெரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு குழுவையும் ஆகஸ்டில் அதே குழுவையும் பார்த்தால் நிகழ்ச்சி மாறியிருக்கும். முடிவுப் பகுதியைக் கடைசி வாரங்களில்தான் சேர்ப்பார்கள், பகுதிகளை வெட்டுவார்கள், உடை மாறும். ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துப் பருவம் முழுக்கப் பின்தொடர்வதில் தனிச் சுகம் இருக்கிறது. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்த முறை.

இங்கே, நேரில்

2025-இல் நம் தேசிய தினமும் டிசிஐ இறுதிப் போட்டியும் ஒரே தேதியில், ஆகஸ்ட் 9-இல் விழுந்தன. சனி மாலை பாடாங்கில் அணிவகுப்பு, ஞாயிறு காலை இண்டியானாபோலிஸ். அடுத்தடுத்துப் பார்த்தால் உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும். அணிவகுப்பு இசைக்குழுவின் வேலை படைகளை நடத்துவது, ஒழுங்குதான் அழகு. டிரம் கோரில் அதே ஒழுங்கை அடித்தளமாக வைத்துக்கொண்டு அதன்மேல் நாடகம் கட்டுகிறார்கள். நம் பள்ளிகளின் டிஸ்பிளே பேண்டுகள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் வைத்திருப்பார்கள், எண்ணிக்கை குறைவு, இடமும் சிறியது. ஆனால் நடை, கலர் கார்டு, பிட், ஒரு கருப்பொருளைச் சுற்றி நிகழ்ச்சி கட்டும் விதம் எல்லாம் டிரம் கோரிலிருந்து கற்றவை. சிங்கப்பூர் இளையர் விழா மதிப்பீட்டுக்கு முந்திய மாதங்களில் பிள்ளைகள் வெயிலில் கருத்து வருவார்கள். உறவினர் பிள்ளையோ அண்டைவீட்டுப் பிள்ளையோ டிஸ்பிளே பேண்டில் இருந்தால், பெற்றோருக்கு முன்னோட்டம் நடக்கும்போது அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். தொப்பி, தண்ணீர், உயரமான இடம். அவ்வளவுதான் வேண்டும்.

பார்ப்பதோடு நிற்காமல் சேர விரும்பினால்

இங்கேதான் ‘இசைப் பட்டப்படிப்பு வேண்டுமா’ என்ற கேள்வி உண்மையில் எழுகிறது. பதில், வேண்டாம். அமெரிக்கக் குழுக்களில் இசை ஆசிரியராகப் படிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது உண்மை. கூடவே பொறியியல், தாதிமை, வணிகம் படிப்பவர்களும் இருக்கிறார்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். தேர்வில் கேட்பது சான்றிதழ் இல்லை. வாசிப்பு, நடை, திருத்தம் சொன்னால் உடனே மாற்றிக்கொள்ளும் குணம், வெயிலில் நாள் முழுக்க நிற்கும் உடம்பு. பித்தளையும் தாளமும் தேர்ந்தெடுத்தால் தாள் பார்த்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பள்ளி பேண்டிலேயே கற்கலாம். கலர் கார்டுக்கு அதுவும் தேவையில்லை, ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும், நடனப் பயிற்சி இருந்தால் கூடுதல் பலம். பரதநாட்டியம் கற்ற பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள் இரு சாராரையும் நான் கலர் கார்டுக்குத்தான் அனுப்பச் சொல்வேன். தாளக்கட்டும் முகபாவமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளைக்கு முன்பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். என் மகள் சேர்ந்தபோது குழலை எந்தப் பக்கம் ஊதுவது என்றே தெரியாது. மூத்த மாணவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, எத்தனை மணிக்கு முடியும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், துணைப்பாட வகுப்புகளை அதற்கேற்ப வையுங்கள். சோர்ந்துபோய் நடுவில் விலகும் பிள்ளைகளில் பலர் ஆர்வம் போனதால் விலகுவதில்லை, நேரம் முட்டுவதால் விலகுகிறார்கள்.

அமெரிக்கா போய் ஒரு கோடை முழுக்க அணிவகுக்க வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் வயதையும் காசையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதன்மைப் பிரிவில் 21 வயதுவரைதான். நம் பையன்களுக்கு நடுவில் இரண்டு ஆண்டு தேசிய சேவை வருகிறது. முடித்து வெளியே வரும்போது ஒரு கோடைதான் மிஞ்சும், சிலருக்கு அதுவும் இல்லை. ஆசை இருந்தால் பலதுறைத் தொழிற்கல்லூரி நாள்களிலேயே திட்டமிட வேண்டும். கட்டணம் பல ஆயிரம் அமெரிக்க டாலர், விமானச் செலவு தனி. மே மாதம் தொடங்கும் முகாம், பேருந்தில் ஊர் ஊராகப் பயணம், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் தூக்கம். முதல் சுற்றுத் தேர்வுக்குக் காணொளி அனுப்ப வழி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு, விசா பற்றிக் குழுவிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். வயது கடந்தவர்களுக்கென்று மேல்வரம்பு இல்லாத பிரிவு ஒன்றும் டிசிஐ-யில் இருக்கிறது. பெரும்பாலும் வார இறுதிகளில் கூடும் குழுக்கள் என்பதால் அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போய்க் குடியிருப்பவர்களுக்கே அது கைகூடும்.

என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே ஒரு காரியம் செய்யலாம். ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, ஒரு ஜோடிக் குச்சி, கைப்பேசியில் சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோம். வேகத்தை 60-இல் வையுங்கள். வலது, இடது, வலது, வலது. பிறகு இடது, வலது, இடது, இடது. இதற்குப் பாரடிடில் என்று பெயர், ஸ்னேர் வாசிப்பின் அரிச்சுவடிகளில் ஒன்று. வாயால் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே தட்டச் சொன்னான் என் தம்பி, சட்டென்று பிடிபட்டது. ஒரு தட்டுக்கு ஒரு தகதிமி. எட்டு அடியும் ஒரே சத்தத்தில் வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள், இடது கை முதலில் ஒத்துழைக்காது. கை பழகிய பிறகு எழுந்து நின்று, அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே தட்டுங்கள். அதன்பின் ஒரு ஸ்னேர் வரிசையின் காணொளியைப் போடுங்கள். பலகைக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டால் கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது. இருந்தாலும் இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம்.